மஞ்சள் துணியில் இருந்த இரண்டு ரூபாய்

இன்று காலை மனைவி சாமித்தட்டைத் துடைத்தபோது பழைய மஞ்சள் துணியின் ஈரவாடை நான் உட்கார்ந்திருந்த கதிரை வரை வந்தது. நேர்த்திக்காசு முடிந்த துணி. ஒருவழியாக அடுத்த கிழமை கதிர்காமம் போகிறோம். அந்த வாடை பட்டதும் உங்கள் நினைவுதான் வந்தது, நானா.

நீங்கள் காசு பார்த்த பூதக்கண்ணாடியை உங்கள் மகன் என்னிடம் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து ஊர்ச் சில்லறையெல்லாம் என் மேசைக்குத்தான் வருகிறது. போன கிழமை கலஹாவிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி வந்தாள். கையில் கருத்துப்போன ஐந்து ரூபாய். பிழையாக அச்சடித்த காசுக்கு லட்சம் தருவார்கள் என்று போனில் யாரோ சொன்னார்களாம். அது அடுப்புப் புகையும் ஈரமும் செய்த வேலை. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது. நீங்கள் எப்படித்தான் இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் சொன்னீர்களோ.

எனக்கும் அப்படித்தானே சொன்னீர்கள். உங்களிடம் அச்சு விலகி விழுந்த ஒரு ரூபாய் இருந்தது. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. எனக்குப் பொறாமைதான், இனி மறைத்து என்ன. மகளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது மனைவி கதிர்காமத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த இரண்டு ரூபாய், மகள் தேறிய பிறகும் தட்டிலேயே கிடந்தது. ஒருநாள் அவிழ்த்துப் பார்த்தால் செம்பாய்ச் சிவந்திருந்தது. தவறுதலாகச் செம்புத் தகட்டில் அடித்துவிட்டார்கள் என்று நானே முடிவு கட்டி, மனைவிக்குத் தெரியாமல் உங்கள் புடவைக்கடைக்கு ஓடி வந்தேன். கணக்கு வாத்தியாரின் மூளைக்கு அன்று லீவு.

“இந்தச் சல்லி எங்க கெடந்தது, மாஸ்டர்?” என்றீர்கள். வத்தேகம பஸ்ஸில் மிச்சக் காசாகக் கிடைத்தது என்றேன்.

நிறுத்துப் பார்த்தீர்கள். மற்ற இரண்டு ரூபாய்க் காசுகளின் எடையேதான். விளிம்பில் ஒரு கீறலைக் காட்டினீர்கள். முழுக்கச் செம்பென்றால் கீறலுக்குள்ளும் செம்பு தெரிய வேண்டும், அங்கே வெள்ளைதான் தெரிந்தது. பிறகு கண்ணாடியை என் பக்கம் தள்ளினீர்கள். சிவப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். முடிந்திருந்த துணியின் இழை. வாழ்நாளெல்லாம் துணி அளந்து கிழித்த மனிதரிடம் போய் பஸ் கதை சொல்லியிருக்கிறேன்.

“அச்சடிக்கக்குள்ள வந்த பிழை இல்ல இது. பொறகு புடிச்ச கறை.” காசைத் தாளில் மடித்து என் கையில் வைத்தீர்கள். கடையில் நின்றவர்களுக்குக் கேட்காமல், “எடுத்த எடத்திலயே வெச்சிடுங்க, மாஸ்டர்” என்றீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அன்றே வைத்துவிட்டேன். ஆனால் உங்கள் முகத்தில் விழிக்கக் கூசி, அதன்பின் கடைப்பக்கமே வரவில்லை. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாம் மாதம் நீங்கள் மௌத்தான செய்திதான் வந்தது. ஜனாஸா எடுத்த அன்று உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

காசு கொண்டு வருகிறவர்களிடம் இப்போது, எங்கே கிடந்தது என்ற உங்கள் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள். நான் தோண்டுவதில்லை. தாளில் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் கேட்டதற்கு மட்டும் நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் கிடந்தது, நானா.