ராஜாத்தி பேரில் மாதம் பத்து ரூபாய்

5 ஜனவரி 1978

பழவேற்காடு பேங்க்கில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். தவணை தவறாதவர்களுக்கு இனாம். இனாமாக வந்ததை வெறுமனே வைத்தால் வீண். மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்து கையில் மிச்சம் இருக்கிறது, அதை மட்டும் ஏன் வீணாக்குவது.

இன்று பதிமூன்றாம் தவணை. மாதம் பத்து ரூபாய், இருபத்துநாலு மாதம். ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதியைத் தாண்டாமல் கட்டினால் கடைசியில் வட்டி போக முப்பது ரூபாய் போனஸ், ஒரு எவர்சில்வர் குடம். ஒரு நாள் தாண்டினாலும் இரண்டும் இல்லை. கணக்கு என் மகள் ராஜாத்தி பேரில். கல்யாணம் ஆன புதிதில் அவளே படகு ஏறிப் போய் ஆரம்பித்தாள்.

அவள் போய் இரண்டரை மாதம் ஆகிறது. பிரசவத்தில். பிள்ளையும் தங்கவில்லை.

கணக்குக்காரர் நடுவில் இறந்தால் கட்டின பணம்தான் வாரிசுக்கு, போனஸ் கிடையாது என்று பாஸ்புக் அட்டையில் போட்டிருக்கிறது. அதனால் பேங்க்கில் சொல்லவில்லை. மருமகன் குப்பன்தான் சொன்னான். "சொல்லாத அத்த. அது பேரால குடமாச்சும் வரட்டும்." இங்கே குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது.

கிளார்க் ஜலாலுதீன் நவம்பரில் புதிதாக வந்தவர். ராஜாத்தியைப் பார்த்ததில்லை. அப்போதே, கணக்குக்காரம்மா வரமாட்டாங்களா என்று கேட்டார். மாசமாக இருக்கிறாள், படகு ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. இன்று மறக்காமல் கேட்கிறார்.

"பிரசவம் ஆச்சாம்மா?"

"ஆச்சு."

"இன்னா புள்ள?"

"ஆம்பள."

அது பொய் இல்லை. ஆம்பளைப் பிள்ளைதான்.

9 ஜனவரி

மேகம். கருவாட்டுக்குப் போட்ட காரப்பொடி மீன் காயவில்லை.

4 பிப்ரவரி

நாளை ஞாயிறு என்பதால் இன்றே கட்டினேன். பதினாலு. ஜலாலுதீன் ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் சின்னச் சொக்கா, வெள்ளையில் மஞ்சள் பூ. "எங்கம்மா ஒங்க பேரனுக்குத் தச்சாங்க. அளவு பெருசா தச்சிருக்காங்க, வளர்ற புள்ளைன்னு."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது? வாங்கிக்கொண்டேன். படகில் மடியிலேயே வைத்திருந்தேன்.

6 பிப்ரவரி

சொக்காவைப் பக்கத்து வீட்டு இருசம்மாளின் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைக்க முடியவில்லை.

இருசம்மாள் விடுவாளா. பேங்க்கில் புதுக் கணக்குக்கு டம்ளர் கொடுக்கிறார்கள் என்றதும் தன் பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று, செத்துப்போன மாமியார் பேரில் ஒன்று என்று ஆரம்பித்து, டம்ளர் மூன்றையும் வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பி எடுத்து வந்தவள்.

"ஏதுடி சொக்கா?"

"பேங்க்குல குடுத்தாங்க."

"சொக்கா கூடவா குடுக்கறாங்க? எனக்குச் சொல்லவேயில்ல பாரு. எத்தினி ரூபா கட்டினா சொக்கா?"

அவள் போய்க் கேட்டால் என் கதை முடிந்தது. அது தவணை தவறாதவர்களுக்கு மட்டும் என்றேன். அவள் எங்கே ஒழுங்காகக் கட்டினாள். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

4 மார்ச்

பதினைந்து. ஜலாலுதீன் ஒரு வழி சொன்னார். ஆறு மாதத் தவணையை ஒன்றாகக் கட்டினால் மூன்று ரூபாய் தள்ளுபடி. மாதா மாதம் படகுக் கூலியும் மிச்சம். "ஒங்கள மாதிரி கணக்கு பாக்கறவங்க இத வுடக் கூடாதும்மா" என்றார். சரியான பேச்சு. மாசி மாதம் நெத்திலி நன்றாக விழுந்ததில் கையில் அறுபது ரூபாய் இருந்தது. முந்தானையில்தான் முடிந்திருந்தேன்.

பத்து ரூபாய்தான் கட்டினேன்.

அவர் கேட்டார், "புள்ள சிரிக்குதா?"

"சிரிக்குது."

"யாரு ஜாடை?"

"அவங்கம்மா."

5 மே

பதினேழு. பிள்ளை குப்புற விழுகிறான் என்று சொன்னேன். வரும் வழியில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம் முடிந்து ஏழு.

எனக்கு என்ன ஆகிறது?

28 மே

குப்பனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள். அவன் வீட்டார் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டார்கள். அந்த மரியாதை செய்தார்கள். இருபத்தைந்து வயதுப் பையன், எத்தனை நாள் தனியாகச் சோறு பொங்கித் தின்பான். செய்யுங்கள் என்றேன்.

14 ஜூன்

கல்யாணம் ஆயிற்று. பெண் பேர் முனியம்மாள். ஐந்து வரை படித்திருக்கிறாள். நான் போகவில்லை. கருவாட்டை நாய் இழுக்கும் என்று சாக்குச் சொன்னேன்.

5 ஜூலை

பத்தொன்பது. பல் வருகிறது என்று சொன்னேன். ஜலாலுதீன் தேன் தடவச் சொன்னார். அவர் அம்மா சொல்லி அனுப்பினதாம்.

22 ஜூலை

குப்பன் இன்னும் எனக்கு மீன் கொடுக்கிறான். மீன்பாடு வந்தால் ஏலத்துக்குப் போகும் முன்பே இரண்டு கூடை என் வாசலில் வைத்துவிடுவான். காசு அப்புறம். ராஜாத்தி இருந்தபோது ஆரம்பித்த வழக்கம், நிறுத்தவில்லை. புருஷனும் இல்லாத எனக்கு அந்த இரண்டு கூடைதான் சோறு. அது அவனுக்கும் தெரியும்.

21 அக்டோபர்

ஒரு வருஷம்.

4 நவம்பர்

இருபத்துமூன்று. காலையிலிருந்து மழை, ஏரி கருப்பாக இருந்தது. படகுக்காரர் வரமாட்டேன் என்றார். நாளை ஞாயிறு, இன்று விட்டால் தேதி தாண்டிவிடும். "முப்பது ரூபாய்க்கு உசுர வுடுவியா வேலம்மா?" என்றார். கூலி இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். முப்பது ரூபாய் போனஸுக்கு இவ்வளவு செலவு செய்கிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நடு ஏரியில் தண்ணீர் உள்ளே அடித்தது. பாஸ்புக்கை ரவிக்கைக்குள் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பேங்க்கில் ஆளே இல்லை. ஜலாலுதீன் தன் துண்டைக் கொடுத்தார் தலை துவட்ட. "இந்த மழையிலயா? ராஜாத்தி எப்பிடிம்மா ஒங்கள அனுப்பிச்சுது?"

அவ வேணாம்னுதான் சொன்னா, நாந்தான் கேக்கல என்றேன். சொல்லும்போது அவள் அப்படிச் சொன்ன மாதிரியே இருந்தது. வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து.

5 டிசம்பர்

இருபத்துநாலு. முடிந்தது.

எந்திரிக்க மனம் வரவில்லை. அடுத்த மாதம் வர வேண்டாமா என்று கேட்டேன். "முடிஞ்சதே. பணம் வாங்க வந்தா போதும்" என்று சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். இந்தக் கிளையிலேயே இருபத்துநாலு மாதமும் தவறாமல் கட்டினவர்கள் நாலே பேர். மானேஜர் இருபத்தேழாம் தேதி பேங்க் வாசலில் பந்தல் போட்டு அவர்களுக்குப் பணமும் குடமும் கொடுக்கப்போகிறார். போட்டோ எடுப்பார்கள். ராஜாத்தி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரே ஒரு மாதம் தவறவிட்டிருந்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

7 டிசம்பர்

குப்பன் வந்தான். விஷயம் தெரிந்துவிட்டது. படகுக்காரர் சொல்லியிருப்பார்.

"அத்த, முனியம்மாவ இட்டுகினு போ. அவ எழுதுவா. ராஜாத்தி கையெழுத்தப் பாத்து எழுதிப் பழகிக்குவா."

பாஸ்புக்கை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"வலையில பங்கு போடணும் அத்த. முந்நூறு கேக்கறாங்க. இந்தப் பணம் வந்தாதான் ஆச்சு. வலை வந்தா ஒனக்கும்தான மீனு."

வராவிட்டால் என்ன என்று அவன் சொல்லவில்லை. நல்ல பையன். சொல்லாமலே எனக்கு விளங்கிற்று. பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தவன் கேட்டான், "ஆறு மாசம் சேத்துக் கட்டினா மூணு ரூபா தள்ளுபடியாமே. நீ இன்னாத்துக்கு அத்த மாசா மாசம் போன?"

மறந்துட்டேன் என்றேன்.

18 டிசம்பர்

முனியம்மாள் என் வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பழகினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். பதினெட்டு வயது இருக்கும். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ராஜாத்தி ராஜாத்தி ராஜாத்தி என்று தாள் முழுக்க. நாலாம் தாளில் சரியாக வந்துவிட்டது. "பாரு அத்த, அக்கா மாதிரியே இருக்குதா?" என்று காட்டினாள். நல்லதாகத்தான் கேட்டாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவள் போன பிறகு தாள்களை அடுப்பில் வைத்தேன்.

26 டிசம்பர்

குழந்தை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். ஜலாலுதீன் கேட்பார். எப்படிச் சொல்வது — உனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், வயது ஒன்று, நாலு பல் என்றா?

காலையில் படகில் சொல்லிக்கொள்ளலாம்.

28 டிசம்பர்

நேற்று எழுத முடியவில்லை.

படகில் சொல்லவில்லை. குப்பனும் கூட வந்தான், அவன் எதிரில் வாய் வரவில்லை. பந்தல், மைக், நாற்காலி எல்லாம் இருந்தது. மேஜை மேல் நாலு குடம், வெயிலில் கண் கூசியது. ஜலாலுதீன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இதானா ராஜாத்தி? ஒரு வருசமா ஒங்கம்மா பேச்சுலயே ஒன்னப் பாத்துகினு இருந்தேன். எங்க பையன்? இட்டாரலியா?"

முனியம்மாள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். கெட்டிக்காரி.

"தூங்கறாண்ணே. வூட்ல வுட்டுட்டு வந்தேன்."

"நடக்கறானா?"

"புடிச்சிகினு நிக்கறான். அப்பிடியே அவங்க நைனா மூஞ்சி." சொல்லிவிட்டுக் குப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு வருஷமாக நான் பார்த்துப் பார்த்துச் சொன்னதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எவ்ளோ சுலுவா சொல்லிட்டா. அப்பதான் எனக்குக் காதுல வுழுந்துது அது இன்னா பொய்யின்னு. எம் பொண்ணு மூஞ்சின்னு சொன்னேனே. ஜாடை கூட மாத்திட்டாளே.

ஜலாலுதீன் பேனாவை நீட்டினார். அவள் வாங்கினாள்.

நான் சொன்னேன், "இல்ல தம்பி. இது முனியம்மா. ராஜாத்தி செத்துட்டா. போன வருசம் ஐப்பசியில. புள்ளையும் அன்னிக்கே செத்துட்டான்."

சத்தமாகச் சொன்னேனோ என்னவோ. மைக் வைத்தவர் திரும்பினார். மானேஜர் வந்தார். போலீசு, கேசு என்றார். ஜலாலுதீன் அவரிடம் ஏதோ மெதுவாகப் பேசினார், அவர் பிறகு விட்டுவிட்டார். போனஸ் இல்லை. கட்டின பணம், இறப்புச் சான்று கொண்டுவந்தால் புருஷனுக்கு. மூன்று பேருக்குக் குடம் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

ஜலாலுதீன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எங்கம்மாகிட்ட நான் இன்னான்னு சொல்வேன்?"

படகில் முனியம்மாள் அழுதாள். "நான் இன்னா தப்பாச் சொல்லிட்டேன்?" ஒன்னுமில்லம்மா என்றேன். குப்பன் கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது சொன்னான், "இனிமே மீனு ஏலத்துல எடுத்துக்க அத்த."

கோபமாகச் சொல்லவில்லை.

31 டிசம்பர்

வாசலில் கூடை இல்லை. நாலு நாளாக இல்லை. இருசம்மாள் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தாள். "ஒரு வார்த்த சும்மா இருந்திருந்தா குடமாச்சும் வந்திருக்கும்" என்றாள்.

12 ஜனவரி 1979

டைரியில் நாள் தீர்ந்துவிட்டது. பின்னால் வெற்றுப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

மணியக்காரரிடம் போனேன். ஒரு வருஷம் கழித்தா பதிய வருவது என்று திட்டினார். பேர் கேட்டார், வயது கேட்டார். இருபத்தொன்று. தேதி சொன்னேன். எழுதி முடித்து ஊதினார், மை காய.

19 ஜனவரி

குப்பனோடு பேங்க்குக்குப் போய்ச் சான்றைக் கொடுத்தேன். ஜலாலுதீன்தான் வாங்கினார். இங்கே ரேகை, இங்கே கையெழுத்து என்று குப்பனுக்குக் காட்டினார். பாஸ்புக்கில் குறுக்கே கோடு போட்டு அவரே வைத்துக்கொண்டார். என்னை உட்காரச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

குப்பன் என் பங்கு என்று நூறு ரூபாய் கொடுத்தான். ராஜாத்தி போன பிறகு நான் கட்டினது நூற்றுநாற்பது. கேட்கவில்லை.

5 பிப்ரவரி

நூறு ரூபாயில் முதல் வைத்து ஏலத்தில் எடுக்கிறேன். மற்றவர்கள் ஏற்றிவிடுகிறார்கள், எனக்கு வருவது நசுங்கினதும் பொடியும்தான். இன்று எளாவூர் பக்கத்திலிருந்து கருவாடு வாங்க ஒரு புது வியாபாரி வந்தார். எடை போட்டுக்கொண்டே, "தனியாத்தான் இருக்கியாம்மா? புள்ளைங்க எத்தினி?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு. செத்துட்டா."

அவர் தலையை ஆட்டிவிட்டு, படிக்கல்லை மாற்றி அடுத்த கூடையைத் தூக்கி வைத்தார். ஒன்பது கிலோ இருந்தது.