ஒத்த ஓட்டு வீடு

பிப். 3, வியாழன்

காலையில் பனி. எட்டு மணி வரை மலை தெரியவில்லை. சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. இடது முட்டி வலி.

ஆபீசில் கூட்டம். பத்திரம் பதிய வந்த கூட்டம் அல்ல. நாளையோடு வேட்புமனு முடிகிறது, ஆளாளுக்கு உறுதிமொழிப் பத்திரம் டைப் அடிக்க வந்துவிட்டார்கள். எங்கள் வார்டு இந்தத் தடவை பெண்களுக்கு. ஜெயா என்று ஒருத்திக்கு அடித்தேன். கட்சி வேட்பாளர். படிப்பு, நகை, வழக்கு உண்டா, எல்லாம் அவள் புருஷன்தான் சொன்னார். "உங்க பிறந்த தேதி?" என்று அவளைப் பார்த்துக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், தப்பாக. அவள் பேசாமல் ஆதார் கார்டை என் பக்கம் நகர்த்தினாள்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி (பத்திர எழுத்தர், முதலாளி, ஊருக்கே அண்ணாச்சி) இன்னொரு மனுவைக் கொண்டுவந்து வைத்தார். "இது உங்க தெருல்லா வடிவு?"

கோமதி. சுயேச்சை.

அவள் வரவில்லை. வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். டைப் அடிப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

முன்மொழிபவர் என்ற இடத்தில் பால்காரர் மனைவி பெயர். ஏழு வருடத்துக்கு முன்னால் என்றால் அங்கே என் கையெழுத்து. ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

பிப். 4, வெள்ளி

தூக்கம் சரியில்லை. இந்த நோட்டைப் பார்க்க ஆளில்லை, எழுதிவிடலாம்.

கோமதியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவள் கல்யாணமாகி வந்ததே எங்கள் தெருவுக்குத்தான், நாலு வீடு தள்ளி. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. சீசன் நேரம் ஞாயிறு தவறாமல் ரெண்டு பேரும் குற்றாலம். நாற்பத்தேழு வயதில் எனக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தாள். மனைவி இறந்தவர், கடையநல்லூரில் கடை. நல்ல எண்ணம்தான், இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, "உனக்குப் பிள்ளை இல்லைங்கற கொறைக்கு என் வாழ்க்கையில வந்து கையை வைக்காதே" என்று சொல்லிவிட்டேன். தெருவில் நின்று சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அதோடு பேச்சு நின்றது. அம்மா செத்தபோது வந்தாள். மாலை போட்டாள், என்னைப் பார்க்காமல் போனாள்.

நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். ஏழு வருடமாக நாளைக்கு, நாளைக்கு.

பிப். 7, திங்கள்

சின்னம் ஒதுக்கிவிட்டார்கள். எங்கள் வார்டில் மூன்றே பேர்.

1. ஜெயா. கட்சி. வாய் அவளுடையது, பேச்சு புருஷனுடையது.
2. புனிதா. இன்னொரு கட்சி. பழைய கவுன்சிலர் மருமகள், இருபத்தேழு வயது, இன்ஜினியரிங்.
3. கோ. சுயேச்சை. தண்ணீர்க் குழாய் சின்னம். பொருத்தம்தான். தெருவில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு நகராட்சி ஆபீஸ் வாசலில் உட்கார்கிறவள்.

ஓட்டுக் கேட்கிறவள் வீட்டு வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். எதிரி வீடென்றாலும் கும்பிட்டே ஆகவேண்டும். அதுதான் தேர்தல். கோ. என் வாசலுக்கு வருவாள். வந்தால் என்ன சொல்லுவது என்று யோசித்து வைத்துக்கொண்டேன். "உள்ள வா". அவ்வளவுதான். மற்றது உட்கார்ந்த பிறகு.

வாங்க: காபித்தூள், நாற்காலிக்குக் குஷன் உறை, கொசுவத்தி.

பிப். 9, புதன்

மாலை ஆறரை. ஜெயா கோஷ்டி. மேளம், பத்துப் பதினைந்து பேர். லிஸ்ட் வைத்திருந்தவன் என் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "ஒத்த ஓட்டு வீடு அண்ணே. நோட்டீஸைப் போட்டுட்டு வாங்க, அடுத்த வீட்டுல ஏழு இருக்கு."

நான் கதவுக்கு உள்ளேதான் நிற்கிறேன்.

அம்மா இருந்தவரை ரெண்டு ஓட்டு. அப்போது மட்டும் என்ன, தோரணமா கட்டினார்கள்? இருந்தாலும் சுருக்கென்றது. நோட்டீஸை எடுத்து மடித்துக் கொசுவத்தி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன்.

பிப். 10, வியாழன்

இன்று வாயைத் திறந்து பேசியது: பஸ்ஸில் "ரயில்வே கேட்". ஆபீசில் "இங்கே கையெழுத்து", பல தடவை. கீரைக்காரியிடம் "வேண்டாம்". பிறகு ஐந்தே முக்காலுக்கு புனிதா.

தனியாக வந்தாள். ஆட்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டாள். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. உங்க பாத்ரூம் யூஸ் பண்ணிக்கலாமா?"

பாவம், காலை ஏழிலிருந்து நடக்கிறாளாம். ஆண் வேட்பாளர் என்றால் எங்கேயாவது ஒதுங்குவான். கூட்டுக் குடும்ப வீட்டில் கேட்கக் கூச்சமாக இருக்கிறதாம், பத்துப் பேர் பார்ப்பார்களாம். என் வீடுதான் அவளுக்கு வசதி. ஒத்த ஓட்டுக்கும் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது.

காபி கொடுத்தேன். "சாப்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஓட்டுக்காகத்தான் கேட்கிறாள், தெரியும். இருந்தாலும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். தம்பி போன வாரம் சிவகிரியிலிருந்து போன் பண்ணினான். அவன் கேட்டது வீட்டுப் பத்திரம் பற்றி.

பிப். 12, சனி

கோ. இன்று எங்கள் தெருவில்.

அரை நாள் லீவு போட்டேன். வாசல் தெளித்தேன், குஷன் உறை மாற்றினேன், பால் காய்ச்சி வைத்தேன். அவளோடு பால்காரர் மனைவி, இன்னும் நாலு பெண்கள், அவள் வீட்டுக்காரர் சுப்பையா அண்ணாச்சி. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வாக்காளர் லிஸ்ட், பழைய பழக்கத்தில் காதில் பேனா.

எதிர் வீட்டில் கால் மணி நேரம். பக்கத்து வீட்டில், "ஏட்டி, போன மழைக்கு உன் வீட்டுக்குள்ள சாக்கடை வந்துச்சே, மறந்துட்டியா? நாந்தானே ஆளைக் கூட்டியாந்தேன்?" என்று அவள் குரல். அந்தக் குரலை ஏழு வருடமாக நாலு வீடு தள்ளித்தான் கேட்கிறேன்.

சுப்பையா அண்ணாச்சி லிஸ்டைப் பார்த்தார், என் வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். எல்லாரும் என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாலில் ஆடை கட்டிவிட்டது. தயிருக்குப் பிரை ஊற்றினேன்.

பிப். 13, ஞாயிறு

கோயில். கோபுர வாசலில் எப்போதும்போல் காற்று, சேலையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. உள்ளே அம்மன் சன்னதியில் ஜெயா. புருஷன் இல்லை, மேளம் இல்லை. என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவள் குரல் கேட்டேன், நல்ல கனமான குரல்.

"எனக்காகச் சாமி கும்பிடுதீங்களாக்கா?"

"ஜெயிக்கவா?"

"தோக்க." சிரித்தாள். "ஜெயிச்சா அவுகதான் ஆபீசுக்குப் போவாக, அவுகதான் பேசுவாக. நான் அங்கனயும் கையெழுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கணும். வீட்டுலயாச்சும் டிவி பாக்கலாம்."

இத்தனை பேர் ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிப். 15, செவ்வாய்

புனிதா தினமும் வருகிறாள். பாத்ரூம், காபி, பத்து நிமிடம். இன்று செருப்புக் கடித்த காலைக் காட்டினாள், தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். லிஸ்டையும் காட்டினாள். எல்லாக் கோஷ்டியும் இப்படித்தானாம்: நமக்கு விழாது என்றால் பெருக்கல் குறி, சந்தேகம் என்றால் கேள்விக்குறி.

"உங்களுக்குக் கேள்விக்குறி ஆன்ட்டி. அதான் விடாம வாரேன்."

பச்சையாகச் சொல்லிவிட்டாளே என்று சிரித்துவிட்டேன். போன பிறகு சிரிப்பு வரவில்லை. கோ. லிஸ்டில் எனக்குப் பெருக்கல் குறி. பெருக்கல் குறி வீட்டுக்கு யார் மெனக்கெட்டு வருவார்கள்? கேள்விக்குறி போடக்கூட அவளுக்கு மனசு வரவில்லை.

அழுதேன். ஐம்பத்து நாலு வயதில் இதற்கெல்லாம்.

பிப். 17, வியாழன்

மாலையோடு பிரசாரம் முடிவு. ஐந்து மணிக்குக் கோ.வின் ஆட்டோ, மைக்கோடு. இன்று கடைசி. இன்றும் வராவிட்டால் இனி எந்தக் காரணமும் கிடையாது. வாசல் கதவைத் திறந்துவைத்து, படியில் நின்றேன். வெட்கத்தை விட்டுத்தான் நின்றேன்.

ஆட்டோ எதிர் வீட்டில் நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது. என் நேரே வந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள். மாஸ்க் போட்டிருந்தாள், சிரித்தாளா முறைத்தாளா தெரியவில்லை. டிரைவர் தோளில் தட்டி, "போப்பா போப்பா, முக்குவீட்டுல இன்னும் சொல்லல, நேரமாச்சு" என்றாள்.

போய்விட்டாள்.

பிப். 19, சனி

வெயில். பள்ளிக்கூடத்தில் பூத். பத்து மணிக்குப் போனேன், இருபது பேர் வரிசை. முன்னால் நின்றவள் கழுத்தில் படை. (களிம்பு பெயர் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.)

உள்ளே ஒருவர் என் பெயரை உரக்கப் படித்தார். "சண்முகவடிவு!" ஏஜெண்டுகள் கோடு போட்டுக்கொண்டார்கள். கோ. தரப்பில் உட்கார்ந்திருந்தது சுப்பையா அண்ணாச்சி. நிமிர்ந்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மிஷினில் மூன்று பெயர். குழாய் மூன்றாவது. விரலை அங்கே கொண்டுபோனேன். பிறகு, கேட்காதவளுக்கு எதற்கு என்று தோன்றியது. கேட்டவளுக்குப் போட்டேன். புனிதா.

பீப் சத்தம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிப். 20, ஞாயிறு

இதை எழுதக் கை வரவில்லை.

ரேஷன் கடைப் பக்கம் சுப்பையா அண்ணாச்சி. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"வடிவு, கோவிச்சுக்கிட்டியாம்மா? வீட்டுக்கு வரலன்னு?"

ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நான் சொல்லத்தான் செஞ்சேன், ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்னு. அவ கேக்கல. லிஸ்ட் கையில வந்த அன்னைக்கே மொதப் பேரா உன் பேருக்குத்தான் டிக் அடிச்சா. எங்க ரெண்டு பேரு பேருக்கும் அப்புறந்தான். டிக் அடிச்ச வீட்டுக்குப் போனா நேரம் வீணுல்லா? 'அவ நம்ம வீட்டு ஓட்டு. அவகிட்டப் போய்க் கும்பிட்டு நின்னா அசிங்கமா நினைப்பா'ன்னுட்டா."

பெருக்கல், கேள்விக்குறி. டிக் என்று ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புனிதாவும் சொல்லவில்லை. அவள் சொல்லாவிட்டால் எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

"மனு டைப் அடிக்கிறதுக்குக்கூட, வேற எங்கயும் குடுக்காதீங்க, வடிவு கையால வரணும்னுதான் என்னை அனுப்பிச்சா" என்றார்.

அரிசிப் பையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பப் போய் எடுத்து வந்தேன்.

பிப். 21, திங்கள்

ஆபீஸ் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். அவள் வீட்டுப் பக்கம் ரெண்டு தடவை நடந்தேன். உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்ல.

ஜெயிக்கட்டும். ஜெயித்துவிட்டால் என் ஒத்த ஓட்டு பெரிதாகத் தெரியாது. விளக்கேற்றிக் கேட்டுக்கொண்டேன்.

பிப். 22, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஆபீசில் முதலாளி அண்ணாச்சி செல்போனைப் பார்த்துச் சொன்னார். புனிதா ஜெயித்துவிட்டாள். ஜெயா ரெண்டாவது, அவள் வேண்டுதல் பலித்துவிட்டது. கோமதி மூன்றாவது, நல்ல தூரத்தில்.

நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். தெருவில் வெடி. புனிதா திறந்த ஜீப்பில் நன்றி சொல்லிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துப் பொதுவாகக் கும்பிட்டாள், வண்டி நிற்கவில்லை.

முகம் கழுவிக் காபி போடப் போனேன். வாசலில் சத்தம்.

கோமதி. தனியாக.

"உள்ள வா" என்றேன். யோசித்து வைத்திருந்ததுதான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ நேற்றும் வந்துபோனவள் மாதிரி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டாள். காபியை ரெண்டு டம்ளரில் ஊற்றினேன்.

"நான் டிக் அடிச்சதுல பாதி வரலட்டீ" என்றாள். "கையில அடிச்சு சத்தியம் பண்ணினவளுவ எல்லாம். பால்காரன் பொண்டாட்டி போட்டாளான்னே சந்தேகமா இருக்கு. தெருவுல யாரைப் பாத்தாலும் இவ போட்டிருப்பாளா, அவ போட்டிருப்பாளான்னு வருது. பைத்தியம் புடிச்சிரும்போல."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"வடிவு, அன்னைக்கு அந்தச் சம்பந்தத்தை நான் கொண்டாந்திருக்கக் கூடாது."

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது கோமதி. தப்பு என்னோடதுதான்." இதைச் சொல்லிவிட்டேன். இதை மட்டும்.

"அது கெடக்கு. ஜெயிச்சவ வீடு வீடா நன்றி சொல்லுதா. தோத்தவ யாருக்குப் போய்ச் சொல்ல? எனக்குச் சந்தேகமில்லாமத் தெரிஞ்சது ஒத்த ஓட்டுதான். அதுக்குச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

சிரித்தாள். விளையாட்டாகத்தான் கும்பிட்டாள், வேட்பாளர் மாதிரி. கண் கலங்கியிருந்தது. கும்பிட்ட கையைப் பிடித்து இறக்கினேன்.

"ஆமாட்டீ" என்றேன். "உனக்குத்தான் போட்டேன்."

"எனக்குத் தெரியாதா" என்றாள்.

அரை மணி நேரம் இருந்தாள். நாளைக்குக் காலையில் இட்லிக்கு வருகிறாளாம். அவள் போன பிறகுதான் என் காபியை எடுத்துக் குடித்தேன். ரெண்டிலுமே சீனி போடவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் முழுதும் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.