முதல் ஃபெரிக்கு முன்னால்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பதினாறு கிலோமீட்டர். டாலிகஞ்ச் ஏற்றத்தில் சபீஹா முன்னால் போய்விட்டு எனக்காக நின்றாள். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டது என்றேன். அவிழவில்லை. நாற்பத்து மூன்று வயதில் இதற்கெல்லாம் பொய்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளை ஓடக் கூட்டி வந்ததே நான்தான். கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் அவளும் அவள் கணவர் ஜாஹிரும் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் முதல் ஃபெரியில் இந்தக் கரையில் சாத்தம் துறைக்கு வந்து இறங்குவாள், நான் ஸ்கூட்டியோடு நிற்பேன். முதல் வாரம் நூறு மீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

அடுத்த மாதம் மூன்று நாள் ஓட்டம். வெள்ளி ஐந்து, சனி பத்து, ஞாயிறு இருபத்தொன்று. மூன்று நாளும் ஓடி முடித்தால்தான் மெடல், ஒரு நாள் விட்டாலும் கிடையாது. அரை மாரத்தான் இரண்டு பேருக்குமே முதல் தடவை.

ஜனவரி 28, செவ்வாய்

நேரம் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்குப் பயந்து காலை நாலே முக்காலுக்கே ஆரம்பம். பாம்பூஃப்ளாட்டிலிருந்து முதல் ஃபெரி ஐந்து மணிக்கு. சனிக்கிழமை நம்ம வீட்டில் படுத்துக்கொள் என்று நானே சொன்னேன். "சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரே?" என்றாள். சுதாகர் என்ன சொல்லப் போகிறார், டிவி சத்தத்தைக் குறைத்தால் போதும் அவருக்கு.

பிப்ரவரி 5, புதன்

மெயின்லேண்டிலிருந்து அலமு மதினி தீவுக்கு வந்துவிட்டார். நாத்தனார் என்றாலும் எனக்கு அவரிடம் பயம் கிடையாது. சபீஹா வரப்போவதைச் சொன்னதும், "அந்தப் புள்ள என்ன சாப்பிடும்? ஓடுறதுக்கு முந்தி இட்லி சாப்பிடலாமா?" என்று கேட்டார். மாவுக்கு என்றைக்கு ஊறப்போடுவது என்று இப்போதே கணக்குப் போடுகிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஐந்து கிலோமீட்டர். சேர்ந்தே ஓடினோம், சேர்ந்தே முடித்தோம். நல்ல நாள்.

பிப்ரவரி 8, சனி, மாலை

பத்து கிலோமீட்டர். அவள் ஐம்பத்தெட்டு நிமிஷம். நான் ஒரு மணி நாலு.

மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். பெண்களில் ஐந்தாவது. எங்கள் ஆபீஸ் ராஜமாணிக்கம் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, "உங்க ஸ்டூடண்ட் உங்களையே முந்திட்டாங்களே மேடம்" என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை அது காதிலேயே இருந்தது. நாளைக்கும் இதுதான் நடக்கும். இருபத்தொன்றில் ஆறு நிமிஷமா இருக்கும், கால் மணி நேரம் இருக்கும்.

மூன்று மணிக்கு போன் செய்தாள். "அக்கா, அஞ்சரை ஃபெரில வரவா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இல்ல சபீஹா, மெயின்லேண்ட்லேர்ந்து நாத்தனார் வந்திருக்காங்க. அவங்க கொஞ்சம் ஆச்சாரம் பார்ப்பாங்க. தப்பா எடுத்துக்காத."

"புரியுது அக்கா. டீக் ஹை. நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றாள்.

அடுக்களையில் மதினி நாலு பேருக்கு இட்லித் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சபீஹா சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்கிறாளாம் என்று அவரிடமும் சொன்னேன்.

ஏன்டி இப்படிப் பண்ணினே? போனை எடுத்து வா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். கடைசி ஃபெரிக்கு இன்னும் நேரமிருக்கிறது. போன் பக்கத்தில்தான் கிடக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

முடித்துவிட்டேன். இரண்டு மணி முப்பத்தொரு நிமிஷம்.

நாலாவது கிலோமீட்டரில், இன்னும் இருட்டு, டாலிகஞ்ச் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் எதிரே வந்தது. ஓட்டியது ஜாஹிர். பின்னால் சபீஹா, நெஞ்சில் நம்பர் குத்தியபடி. ஃபெரி இல்லாததால் ஃபெரார்கஞ்ச் வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்திருக்கிறார்கள். மூன்று மணிக்கே கிளம்பியும் வழியில் வண்டி இரண்டு முறை நின்றுவிட்டதாம். கராச்சர்மாவில் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "போங்க அக்கா, நிக்காதீங்க, போங்க." நான் நிற்கவில்லை.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் தொடங்கும் வாசலை அடைத்துவிட்டார்கள். "டைம் ஹோ கயா" என்றார்களாம். கெஞ்சிப் பார்த்துவிட்டு ஜாஹிர் திரும்பக் கூட்டிப் போய்விட்டார். எல்லாம் ராஜமாணிக்கம் சொல்லித் தெரிந்தது.

முடிவுக் கோட்டில் மதினி டப்பாவோடு நின்றிருந்தார். "எங்க சபீஹா? அவளுக்கும் சேர்த்துத்தான் கொண்டாந்தேன்."

பிப்ரவரி 10, திங்கள்

மதினி மெடலை ஆணியில் மாட்டினார். அவர் குளிக்கப் போனதும் எடுத்துப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சாத்தமில் நின்றேன். முதல் ஃபெரி வந்தது, அடுத்ததும் வந்தது. அவள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள், கடையில் வேலை என்கிறாள்.

மதினி நேற்றே கிளம்பிவிட்டார். "உன் சிநேகிதியப் பார்க்காமலே போறேன்" என்றார். அந்த மனுஷி தலையில் என் அழுக்கைக் கொட்டிவிட்டு, ஏர்போர்ட்டில் கையாட்டி வழியனுப்பினேன்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று நான் பாம்பூஃப்ளாட் போனேன். ஜாஹிர் கல்லாவில் இருந்தார். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு டீ வாங்கக் கிளம்பினார். அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். மதினி அப்படிப்பட்டவர் இல்லை, உனக்காக இட்லி அவித்தார், நீ என்னை முந்தினது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

சபீஹா நைட்டிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்திருந்தேன்.

"பொறாமை எல்லாருக்கும் வரும்க்கா. எனக்கும் உங்க மேல வந்திருக்கு" என்றாள். "கால் வலின்னு சொல்லியிருக்கலாம். வீட்டுல இடமில்லன்னு சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் இருக்கு. அதப் போயி ஏன் எடுத்தீங்க?"

யோசித்துச் சொன்னது இல்லை சபீஹா, அதுதான் முதலில் வாயில் வந்தது என்றேன். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசம் என்று தெரிந்தது. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க நாத்தனார் அப்படின்னு நெனச்சப்ப, பாவம் அக்கா என்ன பண்ணுவாங்கன்னு இவர்ட்ட சொல்லிட்டு இருந்தேன்."

ஜாஹிர் டீயோடு வந்தார். குடித்தேன். எப்படிக் குடித்தேனோ.

ஜூலை 6, ஞாயிறு

மழை. தனியாக எட்டு.

அக்டோபர் 19, ஞாயிறு

தனியாகப் பத்து. டாலிகஞ்ச் ஏற்றத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறேன், யாருக்காக என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, 2026, வியாழன், மாலை, பாம்பூஃப்ளாட்

இந்த வருஷம் முதல் நாள் ஓட்டம் இந்தக் கரையில், காலை நாலே முக்காலுக்கு. சாத்தமிலிருந்து அந்நேரத்துக்கு ஃபெரி கிடையாது. லாட்ஜ் தேடிக்கொண்டிருந்தபோது சபீஹாவே போன் செய்தாள். "எங்க வீடு இருக்கில்ல. வந்து படுத்துக்கோங்க." வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது.

சபீஹாவின் மகள் ஜஸ்னா தன் அறையை எனக்காக ஒழித்துக் கொடுத்திருக்கிறாள், பத்தாம் வகுப்புப் புத்தகங்களை எல்லாம் ஹாலுக்கு எடுத்துப் போய்விட்டாள். கட்டிலில் புது விரிப்பு, மடிப்புக்கூட இன்னும் போகவில்லை.

வாசலில் சபீஹாவின் நீல ஷூ இருந்தது. பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டது. நீயும் பெயர் கொடுத்திருக்கிறாயா, சொல்லவே இல்லையே என்றேன்.

"அது இப்ப ஜஸ்னாவோடது. ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போறா. எங்கிட்ட எதுக்குக்கா சும்மா கிடக்கணும்."

இரவுச் சாப்பாடு சீக்கிரமே போட்டார்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுப்பட்டும் என்று கேட்டாள். நாலு மணி, உனக்கு எதற்குச் சிரமம், நான் அலாரம் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"மூணரைக்கே நான் எந்திரிச்சிருவேன்" என்றாள். "வெறும் வயித்தோட ஓடாதீங்க. இட்லிக்கு ஊத்தணும்."