ஒற்றைக் கட்டுரைக்காரர்

நவம்பர் 6, 2023

நூலகத்தை நான் பூட்டும்வரை மழை. என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, டெல்டா மாவட்டங்களிலிருந்து டெங்கு பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரைகளை ஒருவழியாக எண்ணி முடித்தேன். காரைக்காலுக்கு ஒன்றே ஒன்று. எழுதியவர் தோமா, திருமலைராயன்பட்டினத்துப் பள்ளி ஆசிரியர். கரையேற்றிய படகுகளில் தேங்கும் மழைநீரில் டெங்குக் கொசுப் புழு வளர்வதைப் பற்றியது. அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை.

"ஒரு கட்டுரையோட நின்னவங்களை எடுத்துடுங்க சுகிர்தா, அட்டவணை சுத்தமா இருக்கும்" என்கிறார் நெறியாளர். எடுத்தால் காரைக்காலே போய்விடுமே. ஏன் நின்றார் இவர்?

நவம்பர் 11

திருமலைராயன்பட்டினம் போனேன். தோமா இறந்து நான்கு வருடமாம். அவர் மனைவி ரோசலி அம்மா, பிரான்சில் இருக்கும் பேரனோடு போனில் பிரெஞ்சில் பேசிக்கொண்டே கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"ஞாயித்துக்கெழமை பூசைக்குக்கூட வராம கருக்களாச்சேரி கடக்கரைக்குப் போயிடுவாரு, டப்பாவும் கையுமா. அந்தக் கொசுப் பேச்சே வேணாம்மா. போயிட்டு வாங்க."

எதுக்குப் போனேன் நான்? செத்தவரைக் கணக்குக்காகத் தேடிப்போன மாதிரி ஆயிடுச்சே...

நவம்பர் 12

வேலை ஓடவில்லை.

நவம்பர் 20

தோமாவின் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று தேடினேன். பதினேழு பேர்! இலங்கை, தாய்லாந்து, பிரேசில். ரெயூனியன் தீவிலிருந்து ஒன்று, பிரெஞ்சில். கணினியில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு அச்செடுத்தேன்.

இதை முதலில் படித்திருக்க வேண்டியவள் நானில்லை.

நவம்பர் 25

மறுபடி போனேன். "கொசு பத்தி இல்லைங்கம்மா. பிரெஞ்சுல ஒரு சந்தேகம்." பாதிப் பொய். உள்ளே விட்டார். ரெயூனியன் கட்டுரையை நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். கணவர் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் தமிழில் சொன்னார்: "காரைக்கால்ல தோமா எழுதினதைப் பாத்துட்டுத்தான் எங்க மீனவங்களைப் படகையெல்லாம் கவுத்து வெக்கச் சொன்னோம். அந்த வருசம் அந்தக் கரையில காய்ச்சல் கொறைஞ்சுதுன்னு போட்டிருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டாவது ஒண்ணு எழுதினாரும்மா. திருப்பி அனுப்பிட்டாங்க. யாரு படிக்கப்போறா இதையெல்லாம்னு நானும் கேட்டுட்டேன். அதோட பேனாவை மூடினவருதான்."

கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை படித்தார், இந்த முறை பிரெஞ்சில் மட்டும். அது எனக்காக அல்ல.

டிசம்பர் 8

நெறியாளரிடம் சொல்லிவிட்டேன்: ஒற்றைக் கட்டுரைக்காரர்களை நீக்கமாட்டேன், அவர்களுக்குத் தனி அத்தியாயம். "வேலை கூடுமே?" கூடட்டும் சார் என்றேன். எனக்கே ஆச்சரியம். கொஞ்சம் யோசித்து, "சரி, எழுதிக் காட்டுங்க" என்றார்.

பிரெஞ்சுக் கட்டுரைகள் இன்னும் சில இருக்கின்றன. கணினியை நம்ப வேண்டாமாம். சனிக்கிழமைகளில் நூலகத்துக்கே வந்து படித்துச் சொல்கிறேன் என்கிறார் ரோசலி அம்மா.

பிப்ரவரி 10, 2024

பிரெஞ்சுக் கட்டுரைகள் போன வாரத்தோடு தீர்ந்துவிட்டன. ரோசலி அம்மா இன்றும் வந்தார். மேசையில் படிக்க ஒன்றுமில்லை, அவரும் கேட்கவில்லை. பையிலிருந்து கேக் துண்டுகளை எடுத்து வைத்தார்.

"அவரு மொதமொதல்ல புழுவைப் புடிச்சாந்து வெச்சது எதுலன்னு நெனைக்கிறே? கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்த கண்ணாடிக் கிண்ணத்துலடி!"

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.