அவர் பேசிய என் பேச்சு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் காற்று இல்லை. முதுநகர் வீட்டில் துணி துவைத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சிதம்பரம் ஆஸ்பத்திரி. எடுத்துப் போனது: சாத்துக்குடி, பவுடர், அவருக்கு இரண்டு பனியன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை, கால் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பத்து வரை எண்ணச் சொன்னாள். கடகடவென்று எண்ணினார். என்னைக் காட்டி, "இவுங்க பேரு என்ன சார்?" என்றாள். வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

"எண்ணுறது மனப்பாடம் மேடம். பேரு யோசிச்சுல்ல சொல்லணும்."

ஊரே நின்று கேட்ட குரல். இத்தனை வருடம் கவுன்சிலர்.

ஜூன் 5, வியாழன்

கட்சியில் அவர் கூடவே சுற்றும் சேகர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். வராந்தாவில் நின்று பேச்சு.

"அண்ணி, இந்த எலெக்சன்ல நம்ம வார்டு பொம்பளைங்களுக்குன்னு வந்துடுச்சு. மாவட்டச் செயலாளரு உங்க பேரத்தான் கேக்குறாரு. ஞாயித்துக்கெழம கூட்டத்துல வந்து பேசுங்க."

இப்படி வரும் என்று தெரிந்து, அவர் விழுவதற்கு முன்பே போட்ட கணக்குதான் இது. "நீ பேருக்கு நில்லு, மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றார். தலையாட்டினேன்.

கல்யாணமானதிலிருந்து அவர் மேடையில் பேசியதெல்லாம் நான் எழுதியது. சமையலை முடித்துவிட்டு, சமையலறையிலேயே உட்கார்ந்து. யாருக்கும் தெரியாது. தமிழ் எம்.ஏ. அதற்குத்தான் பயன்பட்டது. வருத்தமா? அப்போது இல்லை. அவர் குரலில் கேட்டால் என் வாக்கியம் எனக்கே பெரிதாகத் தெரியும்.

இன்று வராந்தாவில் நெஞ்சு படபடத்தது பயத்தால் மட்டும் இல்லை. ஆசை. அவர் இப்படிக் கிடக்கும்போது எனக்கு இப்படி ஓர் ஆசை. சீ.

ஜூன் 6, வெள்ளி

சாயங்காலம் கொஞ்சம் மழை. கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன். "என்னங்க, சேகர் வந்திருந்தாரு. என்னை நிக்கச் சொல்றாங்க. ஞாயித்துக்கெழம நானே பேசட்டுமா?"

அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பயந்துபோய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"வே... வே... வேணா."

அவராக யோசித்துச் சொன்ன முதல் வார்த்தை. பயிற்சிப் பெண் ஓடி வந்து கைதட்டினாள். "சூப்பர் சார்! பாத்தீங்களா மேடம், மனசு வச்சா எல்லாம் முடியும்!"

நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய் அழுதேன். ஒரே ஒரு வார்த்தை வரட்டும் என்று திருவந்திபுரம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். வந்தது இதுதான்.

ஜூன் 7, சனி

தலைவலி. அவருடைய அக்கா மல்லிகா துணைக்கு இருக்கிறார், நான் வீட்டில். மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

உடம்பில் மிச்சமிருக்கும் பலத்தையெல்லாம் திரட்டி என்னைத் தடுக்கிறார். அவரிடம் வேறு அதிகாரம் இல்லை இப்போது. அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

போனேன். மார்க்கெட் பக்கம் மேடை. எழுதிய தாளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் தாளைப் பார்க்கவே இல்லை. உப்புத் தண்ணீர் வரும் குழாய், மழை வந்தால் வீட்டுக்குள் வரும் சாக்கடை. கூட்டம் நின்று கேட்டது. பிறகு கைதட்டல். அந்தக் கொஞ்ச நேரம் நான் யாருக்கும் மனைவி இல்லை.

இறங்கும்போது ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே அண்ணன் பேசுற மாரியே இருக்குது. அவரு சொல்லிக் குடுத்தாரா?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 9, திங்கள்

வெயில். ஆஸ்பத்திரியில் மல்லிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நீ பேசுனத சேகர் போன்ல போட்டுக் காட்டுனாரு. தம்பி முழுசும் கேட்டான். நடுவுல எடது கையத் தூக்குனான். எதுக்குன்னே தெரியல."

எனக்குத் தெரியும். கைதட்டல் வரும்போது அப்படித்தான் கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்துவார்.

கிட்டே போய், "என்னங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காதோரம் ஈரம். துடைக்கப் போனேன், இடது கையால் தள்ளிவிட்டார்.

சேகர் போன். நாளைக்கு மனுத் தாக்கல், காலையில் வண்டி அனுப்பட்டுமா என்று. அந்தத் திரும்பாத முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அனுப்புங்க."