சில்லின் நட்டை இறுக்கினேனா

மாசி 24, திங்கள். பேசாலை

வாடை இன்னும் விடவில்லை. முற்றமெல்லாம் மணல். காலையில் மச்சாளின் சைக்கிள் செயின் கழன்றது. நானே பூட்டினேன். பின்சில்லு நட்டை விரலால் சுற்றிவிட்டு ஸ்பனருக்குக் கை நீட்டும்போதுதான் நினைவு வந்தது.

லண்டனில் நான் வேலை செய்யும் பறப்புக் கிளப்பின் பயிற்சிக் கிளைடர். மடங்கும் சில்லு. விரித்த பிறகு பிடிக்கவேண்டிய லொக் வழுக்குகிறது என்று அதன் தண்டின் நீளத்தை நான்தான் மாற்றினேன். அளவு பார்ப்பதற்காகத் தண்டின் நட்டை விரலால் மட்டும் சுற்றியிருந்தேன். அந்த நேரம் பட்டறைப் பொறுப்பாளர் பீற்றர் வந்து, கொழும்பிலிருந்து உனக்குப் போன் என்றார். அப்பா போய்விட்டார் என்ற செய்தி.

அதற்குப் பிறகு இறுக்கினேனா?

மறுநாள் பதிவுப் புத்தகத்தில் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது. கையெழுத்து இருந்தால் ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். குளிர்காலம் முடிந்து முதல் பறப்பு வரும் ஞாயிறு.

மாசி 25, செவ்வாய்

மன்னார் டவுன். போன் கடை. "லைன் இல்லை, தங்கச்சி. எப்ப வருமெண்டு எங்களுக்கும் தெரியாது." தபால் கந்தோரிலும் அதே. வவுனியாவுக்குப் போனால் எடுக்கலாமாம். அதற்கு ஆமியிடம் பாஸ் எடுக்கவேண்டும்.

தலையிடி. பனடோல் இரண்டு. அப்பாவின் பூசைக்கு மெழுகுதிரி வாங்க மறந்துவிட்டேன்.

மாசி 26, புதன்

அண்ணனிடம் சொன்னேன். இந்தக் குறிப்புப் புத்தகத்திலேயே படம் கீறிக் காட்டினேன்.

"எஞ்சின் இல்லாத பிளேனோ?"

"ஓம். இன்னொரு பிளேன் மேல இழுத்துக்கொண்டு போய் விடும். பிறகு காத்துதான்."

"இறங்கேக்க சில்லு மடங்கினா?"

"வயிறு நிலத்தில அடிக்கும். உள்ளுக்கு இருக்கிற ஆளுக்கு முள்ளந்தண்டு போகலாம்."

அடுப்படியிலிருந்து மச்சாள்: "இஞ்ச போன கிழமை கடலுக்குப் போன ரெண்டு பேர் இன்னும் வரேல்லை. நீ அங்கத்தைய சில்லுக்கு அழுறாய்."

அவள் சொல்வதும் சரி. ஆனால் அந்த இரண்டு பேரை நான் அனுப்பவில்லை.

மாசி 27, வியாழன்

ஆமி காம்பில் நாலு மணித்தியாலம். வெயில். பாஸ் கிடைத்தது, சனி போய் ஞாயிறு திரும்ப. வேறு நாள் இல்லையாம்.

சனிதான் அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை.

அண்ணன் பாஸை வாங்கிப் பார்த்தார். "பூசைக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனி?"

"ஓம்."

"அப்ப இரு."

பாஸை மேசையில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார்.

மாசி 28, வெள்ளி

பூசைக்கு: மெழுகுதிரி (மச்சாள் வாங்கிவிட்டாள்), பூ, பாதருக்குப் பெயர் கொடுத்தாயிற்று. சமையலுக்கு அறக்குளா மீன்.

மத்தியானம் வரை முடிவில்லை. செத்த வீட்டுக்கும் வரமுடியவில்லை. இதையும் விட்டால் நான் என்ன மகள்? விடாவிட்டால், ஞாயிறு யாரோ ஒருவர் என் கையெழுத்தை நம்பி ஏறப்போகிறார்.

மூன்று மணிக்குச் சொன்னேன். "போறன், அண்ணா."

அவர் இந்தப் புத்தகத்தை எடுத்துப் படத்தைப் பார்த்தார். "செக் பொயின்ரில பிடிச்சா இதை என்னெண்டு சொல்லப்போறாய்? பிளேன் திருத்திற தமிழ்ப் பெட்டை எண்டோ?" தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். "போற வழியில பிளேன் எண்டு வாயே திறக்காதை."

புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டுப் போகிறேன்.

பங்குனி 2, ஞாயிறு

பின்நேரம் வந்து சேர்ந்தேன். நேற்றையதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மன்னார்ப் பாலம், முருங்கன், மதவாச்சி. மூன்று இடத்தில் இறக்கிப் பையைக் கொட்டினார்கள். "ஏன் வவுனியா?" "வேலை இடத்துக்குப் போன் எடுக்க." "என்ன வேலை?" "பட்டறை." விட்டுவிட்டார்கள். வவுனியாவில் இறங்கும்போது மணி மூன்று. லண்டனில் காலை. இங்கே பூசை முடிந்து சனம் சாப்பிட்டும் போயிருக்கும்.

போன் கடையில் ஐந்தாவது தடவைதான் லைன் கிடைத்தது. பீற்றர். ஒரே மூச்சில் சொன்னேன். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பட்டறையில் யாரோ சீட்டியடிப்பது கேட்டது. "கதைக்கிறியளோ, சும்மா வச்சிருக்கிறியளோ?" என்றார் கடைக்காரர்.

பீற்றர் திரும்பி வந்தார். நட்டை விரலால் தொட்டேன், சுற்றுகிறது என்றார்.

கடைக்காரர் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினார்.

இறுக்கிவிடுகிறேன், ஒருவருக்கும் தெரியவேண்டாம் என்றார் பீற்றர். வேண்டாம் என்றேன். என் கையெழுத்தை வெட்டுங்கள். வேறொருவர் முழுவதையும் முதலிலிருந்து பார்த்துத் தன் பெயரைப் போடட்டும். சரி, நீ வந்த பிறகு உன் வேலையைப் பற்றிக் கதைப்போம் என்றார். அது நல்ல குரல் இல்லை.

இரவு கன்னியர்மடத்தில் படுத்தேன். காலையில் முதல் பஸ்.

அண்ணன் படலையடியில் வலை பொத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கழண்டே கிடந்தது?"

"ஓம்."

ஊசியை இரண்டு மூன்று தடவை இழுத்தார்.

"அப்ப சரி. போய்ச் சாப்பிடு."

மச்சாள் சோறு போட்டாள். பூசைக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கறியை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து அவளே சொல்லத் தொடங்கினாள்.