கடைசியாக வந்தவள்

அன்பு மகளுக்கு,

சின்னமனூர் பெரியம்மா வீட்டில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். என் போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் தேனி மைதானத்தில், ஓட்டப்பந்தயத்துக்கு முன்னால், "காலு ரொம்ப வலிக்குதுப்பா" என்றாய். "ஜெயிச்சிட்டு வந்து அழு" என்றேன். ஜெயித்தாய். கோட்டைத் தாண்டியதும் எலும்பு முறிந்து விழுந்தாய். உன்னைத் தூக்குவதற்கு முன்னால் நான் உன் நேரம் எவ்வளவு என்று நடுவரிடம் கேட்டேன். நீ அதை மறந்திருக்கமாட்டாய்.

நேற்று நம் அனிதா எண்ணூறு மீட்டர் ஓடினாள். பாதியில் ஷூ கிழிந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓடி, எல்லாருக்கும் கடைசியாகச் சிரித்தபடி வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"கடைசிதாம்ப்பா. ஆனா எங்கனயும் நிக்கல. ஓடி முடிக்கணும்னு அக்கா சொல்லும்ல" என்றாள்.

பாராட்ட நினைத்தேன், பழக்கமில்லை. தண்ணீராவது கொடுப்போம் என்று பாட்டிலோடு கையைத் தூக்கினேன். சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளை நான் ஒருநாளும் அடித்ததில்லை. நீ வாங்கிய அடிகளை உன் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவளைச் சின்னமனூருக்கு அழைத்து வருகிறேன். இனி அங்கேயே படிக்கட்டும். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், நீ வெளியே வரவேண்டாம். ஓடி முடிக்கும்போது அவள் பார்க்கிற முகம் உன்னுடையதாக இருக்கட்டும்.

அப்பா